காற்றுப் புகாத வீடு

நவம்பர் 24

இன்று சோதனை. வாசல் கதவைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் சிவப்புத் துணியை இழுத்துக் கட்டி, நடுவில் பெரிய விசிறியைப் பொருத்தி, வீட்டுக்குள் இருந்த காற்றை வெளியே உறிஞ்ச வைத்தோம். எங்கேயாவது விரிசல் இருந்தால் அந்த வழியாக வெளிக்காற்று சீறிக்கொண்டு உள்ளே வரும். ஊதுபத்தியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு சுவராக நடந்தேன். புகை வளைந்தால் அங்கே ஓட்டை என்று அர்த்தம். மேஸ்திரி ஸ்டீபன் கையைக் கட்டிக்கொண்டு நின்று வேடிக்கை பார்த்தார்.

"திருஷ்டி கழிக்கிறீங்களா மேடம்? அப்டியே ஒரு பூசணிக்காயும் ஒடச்சிருவமா?"

புகை எங்கேயும் வளையவில்லை. நேராக மேலே போனது. திருவாரூரில் வெயிலில் வெந்து வளர்ந்த நான், கொடைக்கானலுக்கு மேலே இந்தக் குளிர்காட்டில், காற்றுப் புகாத ஒரு வீட்டைக் கட்டிவிட்டேன். பெருமையாகத்தான் இருக்கிறது. அடக்கமாக எழுத இது ஒன்றும் பள்ளிக்கூடக் கட்டுரை இல்லை.

படுக்கையறைச் சுவரில் மேலே விட்டிருக்கும் இரண்டு துளைகளை மட்டும் தெர்மோகோல் வைத்து டேப் ஒட்டி அடைத்தோம். அவை காற்றோட்ட இயந்திரத்துக்கானவை. உள்ளே இருக்கும் கெட்ட காற்றை வெளியே தள்ளி, அதன் சூட்டை மட்டும் பிடித்து வைத்து, புதுக் காற்றுக்கு ஏற்றி உள்ளே விடும் இயந்திரம். அது இன்னும் வரவில்லை. சோதனையின்போது துளைகளை அடைத்துக்கொள்ள விதியே இடம் தருகிறது. அடைப்புத் தெரியாமல் இருக்க மேலே வெள்ளை மூடிகளைப் போட்டுவிட்டோம்.

மாலையில் என் மேலதிகாரி ஜெயசீலன் சார் சென்னையிலிருந்து பேசினார். நிதி கொடுப்பவர்கள் ஜனவரியில் பார்க்க வருகிறார்களாம். பிடித்துவிட்டால் இதேபோல் நாற்பது வீடுகள், அத்தனைக்கும் நான்தான் பொறுப்பு. பிடிக்காவிட்டால் ஜனவரியோடு என் ஒப்பந்தம் முடிகிறது.

நவம்பர் 27

துவைத்த துணி நான்கு நாளாக ஈரமாகவே தொங்குகிறது. செருப்பில் பூஞ்சை. நான் தங்கியிருக்கும் இந்த மளிகைக்கடை மாடியறையை யாராவது சோதித்தால் விசிறி தேவையில்லை, ஊதுபத்தி தானாகவே அணைந்துவிடும்.

வீட்டில் குடியேறுகிறவர்களுக்குத் தமிழில் ஒரு கையேடு வேண்டுமாம். கட்டடத்தின் முக்கியச் சொற்களை எளிமையாக விளக்க வேண்டும். ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன் உட்கார்ந்து எழுதியவை:

வெப்பக் காப்பு: சுவருக்கும் கூரைக்கும் போட்ட ஸ்வெட்டர்.

வெப்பப் பாலம்: உள்ளே இருக்கும் சூடு வெளியே ஓடக் கண்டுபிடிக்கும் குறுக்குவழி. தூணும் உத்தரமும் ஸ்வெட்டருக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் சூடு அதன் வழியாகவே கிளம்பிவிடும்.

இரட்டைக் கண்ணாடி: இரண்டு கண்ணாடி, நடுவில் சிறைப்பட்ட காற்று.

காற்றிறுக்கம்: நீங்கள் திறந்தால் ஒழியக் காற்று வராது, போகாது.

'காற்றோட்டம்' பாக்கி. இயந்திரம் வந்தபிறகு அதன் படத்தோடு எழுதிக்கொள்ளலாம்.

டிசம்பர் 2

பவுன்தாயி குடும்பம் பால் காய்ச்சிக் குடியேறியது. பவுன்தாயி பூண்டுக் காட்டில் கூலிக்குப் போகிறவர். புருஷன் இல்லை. ஒரே மகள் ரேணுகா, நிறைமாதம். மருமகன் கார்மேகம் காய்கறி லாரி ஓட்டுகிறான். பாதி நாள் ஒட்டன்சத்திரத்தில், மீதி நாள் தூக்கத்தில்.

அவர்களுடைய பழைய வீட்டைச் சாமான் ஏற்றும்போது பார்த்தேன். தகரக் கூரைக்கும் சுவருக்கும் நடுவில் கையை விடலாம், பலகைக் கதவில் விரல் விரலாக இடுக்கு. அந்த வீட்டுக்குள் ராத்திரி முழுக்கக் கங்குச் சட்டியை வைத்துக் குளிர் காய்ந்திருக்கிறார்கள். எரித்த கரியின் சூடு முழுவதும் ஆகாயத்துக்குத்தான் போயிருக்கும். பார்க்கவே எனக்கு எரிச்சலாக இருந்தது.

"இந்த வீட்டுக்குள்ள நெருப்பே வைக்கக் கூடாதுங்க. தேவையும் படாது. சமையக்கட்டு தனியா வெளிய இருக்கு, அடுப்பெல்லாம் அங்கயே வச்சுக்கங்க" என்றேன். சாமான் இறக்கிக்கொண்டிருந்த ஸ்டீபனும் பக்கத்தில் இருந்தார்.

"சரிங்க மேடம். புதுச் சொவத்துல கரிபட விடுவனா?" என்றார் பவுன்தாயி.

சுவரில் கரி படுவதற்காக நான் சொல்லவில்லை. ஆனால் காரணத்தை விளக்கினால் பயந்துபோய் வர மாட்டார்கள் என்று ஜெயசீலன் சார் முன்பே சொல்லியிருந்தார். எப்படியோ நெருப்பு வைக்க மாட்டார்கள், அது போதும்.

ரேணுகா கண்ணாடி ஜன்னலில் மூக்கை ஒட்டிக்கொண்டு நின்றாள். "அக்கா, வெளிய காத்து அடிக்கிறது தெரியுது, சத்தமே கேக்கலையே! காது அடச்ச மாதிரி இருக்குக்கா" என்று சிரித்தாள். எனக்கு அவளைப் பிடித்துவிட்டது. இருபத்திரண்டு வயது. நான் போட்டிருக்கும் இரண்டு ஸ்வெட்டரையும் பார்த்து, "அக்காவுக்கும் வெப்பக் காப்பு போட்ருக்கு" என்கிறாள். கையேட்டைப் படித்த ஒரே ஜீவன்.

டிசம்பர் 9

இயந்திரம் துறைமுகத்தில் நிற்கிறதாம். ஏதோ தாளில் கையெழுத்து இல்லை.

டிசம்பர் 15

அந்த அடைப்பை எடுத்துவிடலாமா என்று சாரிடம் கேட்டேன். இயந்திரம் வரும்வரை துளைகள் சும்மாவாவது திறந்திருக்கட்டுமே.

"திறந்தா என்ன ஆகும்?"

"ரூம் குளிரும் சார். பன்னெண்டு, பதிமூணு டிகிரிக்கு எறங்கிடும்."

"அப்புறம் வர்றவங்களுக்கு என்னத்தக் காட்டுவீங்க? இன்னும் பதினஞ்சு நாள்ல மெஷின் வந்துடும் வாசுகி. கதவைத் திறந்து மூடத்தானே போறாங்க, காத்து வராமலா போயிடும்?"

அதுவும் சரிதான். மூச்சுவிட அந்தக் காற்று தாராளமாகப் போதும். கணக்குப் போட்டுப் பார்த்தேன், மூன்று பேருக்குப் போதும்.

கீழே மளிகைக்கடைக்காரர் எனக்குக் கேஸ் சிலிண்டர் வாங்கி வைத்திருக்கிறார். குரங்கு என் சோப்பைத் தூக்கிக்கொண்டு போய்விட்டது.

டிசம்பர் 20

ரேணுகாவுக்குப் பெண் குழந்தை. சுகப்பிரசவம். கொடைக்கானல் ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பார்த்தேன். குழந்தை உள்ளங்கை அகலத்துக்கு முகத்தை வைத்துக்கொண்டு என்னை முறைத்தது. மஞ்சள் நிறத்தில் ஒரு குட்டி ஸ்வெட்டர் வாங்கிக் கொடுத்தேன்.

"பொறந்ததுல இருந்து ஸ்வெட்டரு, ஸ்வெட்டரு வீடு. இவ பெரிய ஆளுதான்" என்றாள் ரேணுகா.

ஜெயசீலன் சாருக்குச் சொன்னபோது என்னைவிட அதிகமாகச் சந்தோஷப்பட்டார். "நல்ல நேரத்துல பிறந்திருக்கு. வர்றவங்க முன்னாடி பச்சைக்குழந்தை இருந்தா போட்டோவே பேசும்."

டிசம்பர் 26

வீட்டுக்கு வந்துவிட்டார்கள். பார்க்கப் போனவளை பவுன்தாயி வாசலிலேயே நிறுத்தி, கை கால் கழுவச் சொல்லி, வேகமாக உள்ளே இழுத்துக் கதவைச் சாத்தினார்.

"பச்ச ஒடம்பு மேடம். இத்துணூண்டு காத்துப் பட்டாலும் சன்னி கண்டுரும். எங்க மலையில பிள்ளப்பெத்தவள நாப்பது நாளைக்குக் காத்துல காட்ட மாட்டோம்."

ஜன்னலை இறுக்கிச் சாத்தி அதன்மேல் கம்பளியைத் தொங்கவிட்டிருந்தார். கதவடியில் பழைய சேலையைச் சுருட்டித் திணித்திருந்தார். பழைய வீட்டில் இதையெல்லாம் செய்தும் காற்று வந்துகொண்டே இருக்குமாம். "இங்க சாத்துனா சாத்துனதுதான். கோயில் கட்டிக் கும்புடலாம் மேடம் ஒங்களுக்கு" என்றார்.

மலைப்பூண்டை வதக்கிக் கருப்பட்டியோடு கிண்டிய உருண்டை ஒன்றைத் தந்தார். பிள்ளை பெறாமலே பிரசவ மருந்து சாப்பிட்டு வந்தேன். இப்போதும் ஏப்பம் பூண்டாகத்தான் வருகிறது.

ஜனவரி 1

உறைபனி. காலையில் புல்லெல்லாம் வெள்ளை, பக்கெட் தண்ணீரில் மெல்லிய ஏடு.

படுக்கையறையில் வெப்பத்தைப் பதியும் சின்னக் கருவி ஒன்று மாட்டியிருக்கிறேன். என் போனிலேயே பார்க்கலாம். வெளியே ஒரு டிகிரி, உள்ளே இருபத்துமூன்று. என் கணக்கின்படி பதினேழைத் தாண்டக் கூடாது.

கணக்கில் எங்கேயோ பிழை என்று திரும்பப் போட்டேன். பிழை இல்லை. வெயில் ஜன்னல் வழியாக நான் நினைத்ததைவிட அதிகமாக இறங்குகிறதோ? கம்பளி தொங்குகிறதே. ஆள் உடம்புச் சூடு? இரண்டே கால் பேர் அப்படி என்ன கொதித்துவிட முடியும்.

சாருக்கு இருபத்துமூன்று என்ற எண்ணை மட்டும் அனுப்பினேன். "அபாரம்!" என்று உடனே பதில். வருகிறவர்களுக்கான அறிக்கையில் முதல் பக்கத்திலேயே போடப்போகிறாராம்.

சாயங்காலம் அந்தப் பக்கம் போனபோது சமையலறைக்குப் பின்னால் புதுச் சாம்பல் கொட்டிக் கிடந்தது. அடுப்புச் சாம்பலாக இருக்கும். கேஸ் அடுப்புதான் என்றாலும் வெந்நீருக்கு விறகு எரிப்பார்கள். நான் கேட்கவில்லை.

ஜனவரி 3

ரேணுகாவோடு ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். அறை முழுக்கச் சாம்பிராணி வாசம். குழந்தை மஞ்சள் ஸ்வெட்டரில் தூங்கியது. கண்ணாடியில் உள்பக்கம் நீர் கோத்து வழிந்தது, துடைத்தேன்.

வெளியே வந்ததும் மண்டை வலி தெறித்தது. சாம்பிராணி எனக்கு எப்போதுமே ஆகாது. குளிர்காற்றில் கொஞ்சம் நடந்ததும் சரியாகிவிட்டது.

ஜனவரி 5

ரேணுகா நேற்றிலிருந்து வாந்தி எடுக்கிறாளாம். தலை கனக்கிறது, எழுந்தால் சுற்றுகிறது என்கிறாள். நர்ஸ் வந்து கண்ணைப் பார்த்துவிட்டு ரத்தம் கம்மி என்று மாத்திரை கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். பிரசவமான உடம்பு, அப்படித்தான் இருக்கும். நர்ஸுக்குத் தெரியாததா எனக்குத் தெரிந்துவிடப் போகிறது.

"வெளிய கொஞ்சம் ஒக்காந்தா நல்லா இருக்குக்கா. அம்மா விட மாட்டேங்குது" என்றாள். குரல் இழுத்து இழுத்து வந்தது. நாளை மறுநாள் விருந்தாளிகள் வருகிறார்கள், அதுவரை உடம்பைப் பார்த்துக்கொள்ளச் சொன்னேன். அதற்கும் சிரித்தாள்.

இயந்திரம் லாரியில் ஏறிவிட்டதாம்.

ஜனவரி 7

எல்லாம் நல்லபடியாக முடிந்தது. நல்லபடியாக என்றுதான் சொல்ல வேண்டும்.

அவர்கள் வருவதற்கு முன் ஒருமுறை பார்த்துவிடலாம் என்று காலையில் சீக்கிரமே போனேன். படுக்கையறையைத் திறந்தால் கட்டிலுக்குப் பக்கத்தில் கங்குச் சட்டி. மேலே சாம்பல் பூத்து, உள்ளே கரி சிவப்பாகக் கண் விழித்திருந்தது. பவுன்தாயி என்னைக் கண்டதும் முந்தானையால் மறைக்கப் பார்த்தார்.

"கோவிச்சுக்காதீங்க மேடம். பச்ச ஒடம்புக்கு அனல் காட்டாம எப்புடி? நல்லாப் பொகையடங்குன கங்குதான். சொவத்துல ஒரு பொட்டுக் கரி இல்ல பாருங்க."

உண்மைதான், சுவர் வெள்ளையாக இருந்தது. நான் மேலே அந்த மூடிகளைப் பார்த்தேன். பிறகு மணியைப் பார்த்தேன். அவர்கள் வண்டி வந்துகொண்டிருந்தது. அப்போது ஸ்டூல் போட்டு ஏறி, மூடியைக் கழற்றி, டேப்பைப் பிரித்து, எல்லோருக்கும் விளக்கம் சொல்லி, அறை குளிர்ந்துபோய்... இருபத்துமூன்று என்று அறிக்கையில் அச்சாகிவிட்டதே.

"இன்னிக்கு மட்டும் வெளிய வச்சிருங்க. அவங்க போற வரைக்கும்" என்றேன்.

பவுன்தாயிக்கு முகமெல்லாம் மலர்ச்சி. திட்டாமல் விட்டேனே என்று.

வந்தவர்கள் சுவரைத் தட்டிப் பார்த்தார்கள், ஜன்னலை மெச்சினார்கள், குழந்தையைக் கொஞ்சினார்கள். ஒருவர் கருவியைப் பார்த்துவிட்டு "நெருப்பே இல்லாமலா?" என்று கேட்டார். ஜெயசீலன் சார் என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன். ரேணுகா கட்டிலில் சாய்ந்தபடி போட்டோவுக்குப் புன்னகைத்தாள். முகம் ரோஜாப்பூப் போலச் சிவந்திருந்தது. குளிர்ப் பிரதேசத்துப் பெண்ணின் நிறம் என்று ஒருவர் பாராட்டினார்.

இயந்திரம் வத்தலக்குண்டு வந்துவிட்டது. திங்கட்கிழமை பொருத்திவிடலாம். நாலு நாள்தான்.

ஜனவரி 8

ஓய்வு. துணி துவைத்தேன். நாளைக்குப் போய்ப் பவுன்தாயியிடம் கங்கு வேண்டாம் என்று கண்டிப்பாகச் சொல்ல வேண்டும்.

ஜனவரி 9

ரேணுகா போய்விட்டாள்.

காலையில் குழந்தையைக் குளிப்பாட்டிச் சாம்பிராணி போட்டிருக்கிறார்கள். ரேணுகா தலை வலிக்கிறது என்று படுத்துக்கொண்டாள். வெயில் வந்ததும் பவுன்தாயி குழந்தையை மட்டும் தூக்கிக்கொண்டு பக்கத்து வீட்டு முற்றத்துக்குப் போயிருக்கிறார். போகும்போது மகளுக்குக் குளிரக் கூடாதே என்று சட்டியில் புதுக் கங்கு நிரப்பி வைத்து, கதவைச் சாத்தி, சேலையைத் திணித்துவிட்டுப் போயிருக்கிறார். குழந்தை பாலுக்கு அழுதபோது வந்து திறந்தார்.

சத்தம் கேட்டு ஸ்டீபன் ஓடியிருக்கிறார். எனக்குப் போன் வந்து நான் போய்ச் சேர்ந்தபோது ஜீப்பில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். அப்போதும் முகம் சிவப்பாகத்தான் இருந்தது. தூங்குகிறவள் மாதிரியே இருந்தாள். நான் "ரேணு, ரேணு" என்று கன்னத்தைத் தட்டினேன். ஆஸ்பத்திரி வாசலிலேயே டாக்டர் பார்த்துவிட்டு உயிர் இல்லை என்றார்.

கார்மேகம் பாதி வழியில் லாரியை நிறுத்திவிட்டு யார் பைக்கிலோ வந்தான். என்னிடம் வந்து, "நல்ல வீடுதானக்கா குடுத்தீங்க, நல்ல வீடுதான?" என்று திரும்பத் திரும்பக் கேட்டான். ஆமாம் என்றேன்.

போனை எடுத்தால் கருவி இன்னும் படுக்கையறை வெப்பத்தைக் காட்டிக்கொண்டிருந்தது. இருபத்தாறு. அணைக்கத் தெரியாமல் போனையே அணைத்துவிட்டேன்.

ஜனவரி 10

பிரேதப் பரிசோதனை முடிந்தது. கார்பன் மோனாக்சைடு. கங்கிலிருந்து வரும், வாசனை கிடையாது, கண்ணுக்கும் தெரியாது, மூடிய அறையில் தங்கிவிடும் என்று டாக்டர் எனக்கு விளக்கினார். புதிதாகக் கேட்பவள் மாதிரி கேட்டுக்கொண்டேன்.

எனக்குப் பயமாக இருக்கிறது. அழுகை வர வேண்டிய இடத்தில் பயம்தான் வருகிறது. அதை நினைத்தால் அருவருப்பாகவும் இருக்கிறது.

ஜனவரி 11

ஜெயசீலன் சார் பேசினார். முதலில் ரொம்ப வருத்தப்பட்டார், பொய்யில்லை, குரல் உடைந்தது. பிறகு கேட்டார்.

"நெருப்பு வைக்கக் கூடாதுன்னு சொன்னீங்கல்ல?"

"சொன்னேன் சார்."

"சாட்சி இருக்கா?"

"ஸ்டீபன் இருந்தாரு."

"போதும். நாளன்னிக்கு இன்ஸ்பெக்டரும் தாசில்தாரும் வந்து பாக்குறாங்க." குரலைத் தாழ்த்திக்கொண்டார். "அந்தத் துளை ரெண்டும் எப்படி இருக்கு?"

"அடைச்சபடியே இருக்கு சார்."

"இருக்க வேணாம்."

நாற்பது வீடுகளுக்கும் ஒப்புதல் வந்துவிட்டது என்பதை இதற்குப் பிறகுதான் சொன்னார். ஒரு விபத்துக்காக ஊருக்கே நடக்கவேண்டிய நல்லது நின்றுபோகக் கூடாது என்றார்.

ஜனவரி 12

காலையில் போனேன். சாவு வீட்டுக் கூட்டம் கலைந்துவிட்டது. கார்மேகம் குழந்தையைத் தூக்கிக்கொண்டு பால் பவுடர் வாங்கப் போயிருந்தான். பவுன்தாயி மட்டும் வாசலில் வெயிலில் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்துகொண்டார். இந்த நிலையிலும் எழுந்துகொண்டார்.

"நீங்க அன்னிக்கே சொன்னீங்க மேடம், நெருப்பு வேணாம்னு. நான் பாவிதான் கேக்கல. எம்பிள்ளைய எங்கையால நானே..." நெஞ்சில் அடித்துக்கொண்டார். ஓங்கி அடிக்கவில்லை. ஓய்ந்துபோன கையால் திரும்பத் திரும்பத் தட்டிக்கொண்டே இருந்தார்.

அவர் கையைப் பிடித்தேன். 'நீங்கள் மட்டும் இல்லை' என்று சொல்ல வாயைத் திறந்தேன். அந்த ஒரு வாக்கியம் போதும், அந்தக் கை நின்றுவிடும் என்று எனக்குத் தெரியும்.

"உள்ள ஒரு சின்ன வேலை இருக்குங்க" என்றேன்.

படுக்கையறையில் ஸ்டூலைப் போட்டு ஏறினேன். தரை வழவழவென்று இருந்ததால் ஸ்டூல் ஆடியது. பவுன்தாயி முந்தானையில் முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்து இரண்டு கையாலும் ஸ்டூலைப் பிடித்துக்கொண்டார்.

"பாத்து மேடம். விழுந்துறாதீங்க."

முதல் மூடியைக் கழற்றினேன். டேப் இறுக்கமாக ஒட்டியிருந்தது, நகத்தால் கீறிப் பிரித்தேன். தெர்மோகோலை இழுத்ததும் ஐஸ் மாதிரிக் காற்று முகத்தில் அடித்தது. ஸ்டூலை நகர்த்தச் சொன்னேன், நகர்த்திப் பிடித்துக்கொண்டார். இரண்டாவதையும் எடுத்தேன். அறைக்குள் காற்று இந்தப் பக்கம் வந்து அந்தப் பக்கம் போனது. ஜன்னல் கம்பளி லேசாக அசைந்தது.

பவுன்தாயி அண்ணாந்து பார்த்தபடி கேட்டார்.

"இந்த ஓட்டை எதுக்கு மேடம்?"

"வயர் போறதுக்குங்க" என்றேன்.

"ஓ" என்றார். நான் இறங்கியதும் என் தலையில் ஒட்டியிருந்த தெர்மோகோல் பொடியை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டார். பக்கத்து வீட்டிலிருந்து சோறு கொடுத்து அனுப்பியிருக்கிறார்கள், தன்னால் தனியாகத் தொண்டையில் இறக்க முடியவில்லை, கூட உட்கார்ந்து ஒரு வாய் சாப்பிட்டுவிட்டுப் போக வேண்டும் என்றார்.

சாப்பிட்டுவிட்டுத்தான் வந்தேன்.